ஜீன் கிரே காரைத் தூக்கினால் பாரம் யார் மேல்?

1963 செப்டம்பர் மாதத் தேதியுடன் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸின் முதல் இதழில், பேராசிரியர் சார்லஸ் சேவியரின் பள்ளிக்கு ஐந்தாவது ஆளாக வந்து சேர்கிறாள் ஜீன் கிரே. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் சேர்ந்து படைத்த அந்தக் குழுவில் மற்ற நால்வரின் ஆற்றலுக்கும் உடம்பில் ஓர் இடம் உண்டு. சைக்ளாப்ஸுக்குக் கண், ஏஞ்சலுக்குச் சிறகு, பீஸ்டுக்குக் கைகால், ஐஸ்மேனுக்கு உறைபனி போர்த்த உடல். ஜீனுக்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை. அவள் நினைக்கிறாள், பொருள் நகர்கிறது. டெலிகினசிஸ் என்று பெயர் பெற்ற இந்த ஆற்றலைக் கண்டதும் அறிவியல் படித்தவர்கள் முதலில் எழுப்பும் கேள்வி, தொடாமல் ஒரு பொருளை எப்படி நகர்த்த முடியும் என்பது. இருக்கிற கேள்விகளில் மிக வலுவற்றது இதுதான் என்பேன். தொடாமல் நகர்த்துவது இயற்கையில் அன்றாடம் நடக்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலும் நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிதல்ல. ஜீன் கிரேவை உண்மையில் தடுத்து நிறுத்தக்கூடிய சிக்கல்கள் வேறு இரண்டு: அவள் தூக்கும் பாரம் திரும்பிப் போய் எதன் மேல் இறங்குகிறது, எந்தத் துகளை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்பதை அவள் மூளை எப்படி அறிகிறது. இவ்விரண்டையும் இயற்பியலுக்கு முரணில்லாமல் தீர்க்க முனைந்தால், விசை தரும் வேலை மனத்தின் கையைவிட்டுப் போய்விடும். கட்டளையிடும் வேலை மட்டுமே அதற்கு மிஞ்சும்.

முதலில் தொடாமை. மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து நிலவு நம் கடலை ஏற்றி இறக்குகிறது. அந்த முதல் இதழிலேயே வில்லனாக வரும் மேக்னீட்டோ ஆயுதங்களையும் இயந்திரங்களையும் தூரத்திலிருந்தே இயக்குகிறான். காந்தம் என்று ஒரு சொல் காதில் விழுந்தவுடன் வாசகர் மனம் அதை ஏற்றுக்கொள்கிறது. உலோகம் அல்லாதவற்றையும் காந்தத்தால் தூக்கலாம். 1997-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆந்த்ரே கெய்மும் அவருடைய சகாக்களும் சுமார் 16 டெஸ்லா காந்தப் புலத்துக்குள் உயிருள்ள ஒரு தவளையை அந்தரத்தில் மிதக்க வைத்தார்கள். தவளையின் உடலில் உள்ள நீர் காந்தப் புலத்தை மிக மெலிதாக விலக்கும் இயல்புடையது. புலம் போதிய வலுவோடு இருந்தால் அந்த மெல்லிய விலக்கமே எடையைத் தாங்கப் போதும். லேசர் ஒளியால் நுண்ணிய துகள்களையும் பாக்டீரியாவையும் பிடித்து நகர்த்தும் முறைக்காக ஆர்தர் ஆஷ்கின் 2018-இல் நோபல் பரிசு பெற்றார். இன்னும் நெருங்கிப் பார்த்தால், கையால் தொட்டு ஒரு புத்தகத்தைத் தள்ளும்போதுகூட அணுக்கருக்கள் மோதிக்கொள்வதில்லை. விரலின் எலக்ட்ரான்களும் அட்டையின் எலக்ட்ரான்களும் ஒரே இடத்தில் நெருங்க மறுப்பதைத்தான் தொடுகை என்கிறோம்.

அடுத்து ஆற்றல். 1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் செலவாகும் ஆற்றல் சுமார் 29,400 ஜூல். உணவுக் கணக்கில் இது ஏழு கிலோகலோரி, ஏறக்குறைய இரண்டு கிராம் சர்க்கரை. ஒரு காரை வீட்டுக் கூரை வரை தூக்கும் ஆற்றல் ஒரு தம்ளர் காபியில் கரைந்திருக்கிறது என்பது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும். கணக்கு அதைத்தான் சொல்கிறது. வேகம்தான் இடைஞ்சல். மனித மூளை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் திறன் சுமார் 20 வாட். அதை ஒரு சொட்டும் வீணாக்காமல் தூக்குவதற்கே செலவிட்டாலும் அந்தக் காரை ஏற்ற இருபத்து நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை மூளை வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. ஓவியத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே ஒரு விநாடியில் கார் மேலே போக வேண்டுமானால் 29 கிலோவாட்டுக்கு மேல் தேவை. ஆகவே ஆற்றல் ஒரு தடைதான், ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்து தாண்டிவிடக்கூடிய தடை. கதாசிரியர்களே அதைத்தான் செய்தார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எதிர்விசையை அப்படித் தாண்ட முடியாது. நியூட்டனின் மூன்றாம் விதி நாம் பள்ளியில் ஒப்பித்துக் கடந்துபோன ஒன்று. அதன் கண்டிப்பு பலருக்கு உறைப்பதில்லை. கிணற்றில் நீர் இறைப்பவர் வாளியை மேலே இழுக்கும் ஒவ்வொரு கணமும் அதே அளவு விசை அவரைக் கீழே இழுக்கிறது. பாதங்களின் வழியாக அது தரைக்குப் போய்விடுவதால் அவர் கவனிப்பதில்லை. ஜீன் மேலே உயர்த்தும் காரின் எடை 14,700 நியூட்டன். அவ்வளவும் ஐம்பது கிலோவைச் சற்றே தாண்டும் ஒரு பெண்ணின் உடல்மேல் கீழ்நோக்கி இறங்கியாக வேண்டும். உலகின் மிகப் பெரிய பளுதூக்கும் வீரர்கள் தலைக்குமேல் உயர்த்துவது இருநூற்று அறுபது கிலோவை ஒட்டிய எடை. இது அதைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல். மனித முதுகெலும்பு இந்தப் பாரத்தில் நொறுங்கும். அவளுக்குத் தசைவலு இல்லை என்பது இங்கே பொருட்டே அல்ல. விசை மூளையிலிருந்து புறப்படுகிறது என்றால் எதிர்விசையும் மூளையில்தான் வந்து இறங்கும், கழுத்துக்கு மேலே இருக்கும் ஒன்றரைக் கிலோ மென்மையான திசுவின்மேல்.

இதைவிடக் கடுமையான ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பலர் யோசிப்பதே இல்லை. கார் பத்து மீட்டர் தள்ளி நிற்கிறது, ஜீன் அதே தெருவில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காரின்மேல் விசை மேல்நோக்கி, அவள்மேல் கீழ்நோக்கி. இரண்டும் சமம், எதிரெதிர், ஆனால் ஒரே கோட்டில் இல்லை. இந்த இருவரையும் எடுத்து ஆளில்லாத விண்வெளியில் வைத்தால், அந்த இணைவிசைகள் அவர்களை ஒருவரையொருவர் சுற்றச் செய்யும், அதுவும் மேலும் மேலும் வேகமாக. வெளியிலிருந்து யாரும் திருப்பாமலேயே சுழற்சி பிறந்துவிடுகிறது. கோண உந்தம் அழிவதும் இல்லை, இலவசமாகப் பிறப்பதும் இல்லை என்ற விதியை இது உடைக்கிறது. அந்த விதியின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை 1918-இல் எமி நோதர் காட்டினார்: வெளியில் எந்தத் திசையும் மற்றொன்றைவிட உயர்ந்ததில்லை என்ற ஒரே உண்மையிலிருந்து அது கணிதமாக வந்துவிடுகிறது. ஆக, ஜீனுக்கும் காருக்கும் இடையிலான விசை இருவரையும் இணைக்கும் நேர்க்கோட்டில்தான் இருக்க முடியும். அவள் இழுக்கலாம், தள்ளலாம். எதிரே நிற்கும் காரைத் தூக்க முடியாது. இழுத்தாலும், வழுக்கும் தரையில் கார் அவளை நோக்கி ஒரு மீட்டர் வருவதற்குள் அவள் காரை நோக்கி இருபத்தெட்டு, இருபத்தொன்பது மீட்டர் பறந்துபோக வேண்டியிருக்கும். அதற்கு முன்பே மோதிவிடுவாள்.

இதற்கு ஒரு மறுப்பு நியாயமாகவே எழும்: எதிர்விசை ஜீன் மேல்தான் விழ வேண்டும் என்று யார் சொன்னது? உண்மைதான், அப்படிக் கட்டாயம் இல்லை. மிதந்த தவளையின் எடையைச் சுமந்தது ஆய்வாளரின் மூளை அல்ல, கட்டடத்தில் பொருத்தப்பட்டிருந்த மின்காந்தம். அதுபோல, காருக்கும் அதன் அடியில் உள்ள தரைக்கும் இடையே ஏதோ ஒரு புலத்தை ஜீன் உண்டாக்குகிறாள் என்று கொள்வோம். விசையும் எதிர்விசையும் இப்போது ஒரே செங்குத்துக் கோட்டில் அமைகின்றன. சக்கரங்கள் வழியாக அந்தக் காரை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த அதே தரை இப்போதும் அதே 14,700 நியூட்டனைச் சுமக்கிறது. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஜீன் எங்கே? காருக்கும் தரைக்கும் நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அவள் பெயர் இல்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு உயர்த்துவது, எப்போது நிறுத்துவது என்று சொல்வது மட்டும்தான் அவளுடையது. இயற்பியல் அனுமதிக்கும் ஒரே டெலிகினசிஸ் இந்த வடிவத்தில்தான் இருக்க முடியும்.

வியப்பு என்னவென்றால், எந்தச் சமன்பாடும் எழுதாமல் எக்ஸ்-மென் கதையே இந்த முடிவை நோக்கி நகர்ந்திருக்கிறது. 1976-இல் கிறிஸ் கிளேர்மான்ட்டும் டேவ் காக்ரமும் ஜீனை ‘ஃபீனிக்ஸ்’ ஆக்கினார்கள். 1980-இல் கிளேர்மான்ட்டும் ஜான் பைர்னும் எழுதிய ‘டார்க் ஃபீனிக்ஸ்’ கதையில் அவள் ஒரு நட்சத்திரத்தையே விழுங்கி வலுப்பெறுகிறாள். அதைச் சுற்றிய உலகத்தில் ஐந்நூறு கோடி உயிர்கள் அழிகின்றன. நம் சூரியன் ஒவ்வொரு விநாடியும் நாற்பது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருண்மையை ஆற்றலாக மாற்றுகிறது. அந்த அளவு ஆற்றல் ஒரு மனித உடலுக்குள் இருக்க முடியாது என்பதை உணர்ந்ததாலேயே அதை வெளியிலிருந்து வர வைத்தார்கள் என்று நினைக்கிறேன். 1986-இல் ஜீனைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஃபீனிக்ஸ் என்பது அவளல்ல, அவள் உருவை எடுத்துக்கொண்ட ஒரு பிரபஞ்ச சக்தி என்றும் சொல்லிவிட்டார்கள். கற்பனையை இப்படி அளந்து பார்ப்பது தகுமா என்று கேட்பவர்களுக்கும் இந்தக் கதைதான் பதில். ஐந்நூறு கோடிப் பேரைக் கொன்றவள் விலை கொடுக்காமல் போகக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதமாக நின்றார். 137-ஆம் இதழில் ஜீன் நிலவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். செய்கைக்கு ஓர் எதிர்விளைவு உண்டு என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் கதையும் நிற்காது. வாசகர்கள் அந்த இதழை இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்த ஒழுங்கை அது மதித்ததால்தான்.

இனி, அறிவியல் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு விசை மூளையில் ஒளிந்திருக்கலாமே என்ற வாதம். இது இகழத்தக்க வாதம் அல்ல. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றே இதன் வழியாக வந்திருக்கிறது. ஜெர்மானிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இளமையில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். தொலைவில் இருந்த அவருடைய சகோதரி அன்றே மனம் பதறியதால் வீட்டிலிருந்து நலம் கேட்டுத் தந்தி வந்தது. மனம் ஏதோ ஓர் ஆற்றலை வெளியே அனுப்புகிறது என்ற எண்ணம் அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது. அதைத் தேடிப் போனவர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். இன்று எந்தப் பெரிய மருத்துவமனையிலும் எடுக்கப்படும் இ.இ.ஜி. சோதனை அப்படிப் பிறந்ததுதான். ஆனால் அவர் கண்ட மின்சாரம் தலைக்கு வெளியே எதையும் அசைக்கும் வலுவுள்ளது அல்ல. மூளை உண்டாக்கும் காந்தப் புலம் ஒரு டெஸ்லாவில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவினது. தவளையை மிதக்க வைத்த புலம் இதைப் போல எத்தனை மடங்கு என்றால், ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி வரும் எண்ணையும் தாண்டும்.

தெரிந்த விசை போதாது, தெரியாத விசையாக இருக்கட்டும் என்றால் அதற்கும் சோதனை உண்டு. ஒரு காசை நகர்த்தும் விசை எதுவானாலும் அந்தக் காசில் உள்ள எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றைத்தான் பிடித்துத் தள்ள வேண்டும். அந்தத் துகள்களைத் துகள் முடுக்கிகள் முதல் மிக நுண்ணிய முறுக்குத் தராசுகள் வரை வைத்து ஆராய்ந்தாகிவிட்டது. அன்றாடப் பொருளை அசைக்கும் அளவுக்கு வலுவான இன்னொரு விசை தப்பியிருக்க இடமில்லை. அமெரிக்காவில் உள்ள லைகோ கருவி, நாற்பது கிலோ கண்ணாடிகளின் அசைவைப் புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நுட்பமாக அளக்கிறது. 2015 செப்டம்பர் 14-இல் முதல் ஈர்ப்பலை அதில் பதிவாகும்வரை, அந்த அசைவு வராதா என்று பலர் பல பத்தாண்டுகள் ஏங்கினார்கள். நில அதிர்வையும் தொலைவில் போகும் லாரியையும் காற்றையும் அவர்கள் இரைச்சலாகக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டியிருந்தது. பார்ப்பவரின் ஆசை என்று ஓர் இரைச்சலைக் கழிக்கும் தேவை ஒருபோதும் வரவில்லை. நேரடியாகத் தேடியவர்களும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜான் 1979-இல் தொடங்கிய ஆய்வகம், தற்போக்கு எண்களை உமிழும் மின்னணுக் கருவிகளை மனத்தால் சாய்க்க முடியுமா என்று 2007 வரை பார்த்தது. அவர்கள் கண்டதாகச் சொன்ன சாய்வு மிகமிகச் சிறியது; அவர்களே சேர்ந்து ஜெர்மானிய ஆய்வகங்களோடு செய்த மறுசோதனையில் அது வரவில்லை. இத்தகைய 380 ஆய்வுகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சிறிய ஆய்வுகளில் பெரிய விளைவும் பெரிய ஆய்வுகளில் சிறிய விளைவும் தெரிவதைக் காட்டியது. வெற்றி பெற்றவை அச்சேறித் தோற்றவை இழுப்பறையில் தங்கிப்போனால் இப்படித்தான் தெரியும்.

இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். ஃபீனிக்ஸாக மாறிய ஜீன் தன் உடையின் மூலக்கூறுகளையே மாற்றி அடுக்கிப் புது உடையாக்கிக்கொள்வாள். ஓவியத்தில் மிக எளிதாகத் தெரியும் இந்தக் காட்சிதான் காரைத் தூக்குவதைவிடக் கடினம். பதினெட்டு கிராம் நீரில், சுமார் ஒரு மேசைக்கரண்டி அளவில், ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று சுழியம் போட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இங்கே அல்லது அங்கே என்று ஒரே ஒரு பிட் தகவல் மட்டும் தந்தால் போதும் என்று வைப்போம். நாம் சிந்தித்து, தேர்ந்தெடுத்து, செயலாக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் பத்து பிட்தான் என்று கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜியேயூ ஜெங்கும் மார்கஸ் மைஸ்டரும் அண்மையில் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில் ஒரு கரண்டி நீருக்கு ஆணையிட்டு முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் காலம் வேண்டும். ஒவ்வொரு தசையிழைக்கும் தனியாக ஆணையிட்டா நாம் கையை உயர்த்துகிறோம் என்று கேட்கலாம். சரியான கேள்வி. உயர்த்து என்ற ஒரு சுருக்கமான ஆணையைத் தண்டுவடமும் நரம்புகளும் தசைகளும் விரித்துப் பொருள்கொள்கின்றன; எவ்வளவு நீண்டோம், எவ்வளவு அழுத்தினோம் என்று உணர்விகள் ஓயாமல் திருப்பிச் சொல்கின்றன. உள்ளங்கையிலும் விரல்களிலும் மட்டும் பதினேழாயிரத்தை ஒட்டிய தொடு உணர்விகள் இருக்கின்றன. அப்படியானால் மனத்துக்கும் பொருளுக்கும் இடையே ஆணையை விரிக்கவும் செய்தியைத் திருப்பித் தரவும் ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத டெலிகினசிஸ் கண்ணும் தோலும் இல்லாத கை.

அந்த இடைப்பொருளை மனிதர்கள் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள். குரங்குகளின் மூளையில் தனித்தனி நியூரான்கள் குறிப்பிட்ட திசைகளை விரும்பித் துடிக்கின்றன, அவற்றைக் கூட்டிப் பார்த்தால் கை எந்தப் பக்கம் போகப் போகிறது என்று படிக்க முடியும் என்பதை அப்போஸ்தலோஸ் ஜார்ஜோபௌலஸ் 1980-களில் காட்டினார். 2006-இல் வெளியான பிரெயின்கேட் ஆய்வில், நான்கு மில்லிமீட்டர் பக்கமுள்ள சில்லில் 96 மின்முனைகளைப் பொருத்தி, கைகால் செயலிழந்த ஒருவரின் மூளைப் புறணியில் பதித்தார்கள். அவர் நினைத்தார், கணினித் திரையில் சுட்டி நகர்ந்தது, மின்னஞ்சல் திறந்தது. அசைவிழந்து ஆண்டுகள் ஆன பின்னும் அந்த நியூரான்கள் தங்கள் வேலையை மறக்கவில்லை என்பது என்னை மிகவும் நெகிழ வைக்கும் உண்மை. 2012-இல், பக்கவாதத்தால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் முடங்கியிருந்த ஒரு பெண் ரோபோக் கையை மனத்தால் இயக்கிக் காபியை எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தார். அந்தக் கையின் மோட்டாருக்கு மின்சாரம் சுவரிலிருந்து வந்தது, மெல்லிய மூளைச் சமிக்ஞை வழியை மட்டும் சொன்னது. எதிர்விசையைத் தாங்கு சட்டமும் தரையும் ஏற்றன. காருக்கும் தரைக்கும் இடையே நாம் வரைந்த அதே ஏற்பாடு.

இதில் கம்பியும் கணினியும் மோட்டாரும்தானே வேலை செய்கின்றன, இதை டெலிகினசிஸ் என்பது ஏமாற்று அல்லவா என்று கேட்பார்கள். நம் சொந்தக் கையை எடுத்துக்கொண்டு பதில் சொல்லலாம். மூளை இதுவரை எந்தப் பொருளையும் தூக்கியதில்லை. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவிலான மின்துடிப்பு நரம்பு வழியே கீழே போகிறது. தூக்குவதற்கான ஆற்றலைத் தசை தன் இரத்தத்தில் வரும் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எரித்துத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எதிர்விசை எலும்பு வழியே தரைக்குப் போகிறது. ஆரோக்கியமான உடம்பிலும் மனத்தின் பங்கு கட்டளைதான். நரம்பு அறுந்த இடத்தில் கம்பியை வைத்தவர்கள் அந்தப் பங்கை ஒரு துளியும் குறைக்கவில்லை.

பாக்கியிருக்கும் வேலை விசையைக் கூட்டுவதில் இல்லை என்பதையும் ஆய்வகங்களே காட்டியிருக்கின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2021-இல் வெளியிட்ட சோதனையில், ரோபோ விரல்கள் எதையாவது தொடும்போது அந்தச் செய்தியைப் பங்கேற்றவரின் மூளைக்கே மின்தூண்டலாகத் திருப்பி அனுப்பினார்கள். மோட்டாரின் வலு மாறவில்லை. பொருளை எடுத்து வைக்க முன்பு சுமார் இருபது விநாடி பிடித்த வேலை பத்து விநாடிக்கு அருகே இறங்கியது. பிடித்துவிட்டோமா, இல்லையா என்ற தடுமாற்றத்தில் கழிந்த நேரம் குறைந்ததே காரணம். மின்முனைகளைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து சமிக்ஞை மங்குவதையும், மண்டையோட்டைத் துளைத்து வெளிவரும் கம்பியால் தொற்று ஏற்படும் அபாயத்தையும், நாளுக்கு நாள் மாறும் நியூரான் துடிப்புகளை மீண்டும் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையையும் இன்னும் தீர்த்தாகவில்லை. இப்போது ஆய்வாளர்களின் நேரத்தை உறிஞ்சுபவை இவைதான்.